வியாழக்கிழமைச் சிநேகிதி

ஜூன் 3, திங்கள்

ஷீபா புது வருஷத்துக்கு அனுப்பிய டயரி இது. இத்தனை நாள் உறை பிரிக்காமல் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. இன்று பிரித்துவிட்டேன், ஏனென்றால் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது. ஆனாலும் வேலை வேலைதான்.

ஷீபா என் தங்கை எமிலியின் மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். தினமும் போன் பண்ணுவாள், நான் சில நாள் எடுப்பேன். நேற்று எடுத்தேன். இங்கே பாளையங்கோட்டையில் ‘பக்கத்துணை’ என்று ஓர் அமைப்பு இருக்கிறதாம். மனசு சுகமில்லாமல், பேச ஆளில்லாமல், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களிடம் வாரம் ஒரு தடவை போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வர ஆட்கள் வேண்டுமாம். வைத்தியம் பார்க்க வேண்டாம், மருந்து கொடுக்க வேண்டாம். சிநேகிதமாக இருந்தால் போதும்.

“முப்பது வருஷம் லேடீஸ் ஹாஸ்டல் வார்டனா இருந்தவங்க அவங்களுக்கு எங்க கிடைப்பாங்க பெரியம்மா?” என்றாள். ஐஸ் வைக்கிறாள் என்று தெரியாமலில்லை. ஆனால் சொன்னது உண்மை. சரி என்றேன்.

மாடிப்படி விளக்கு எரியவில்லை. பல்பு வாங்க வேண்டும்.

ஜூன் 8, சனி

பயிற்சிக்குப் போய் வந்தேன். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில் ஆபீஸ். ஆட்டோவில் போகும்போது எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி முளைத்திருப்பதைப் பார்த்தேன். எப்போது திறந்தார்கள் என்று கேட்டால், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே அம்மா என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பால் வாசலுக்கு வருகிறது. பிரெட்டும் பிஸ்கட்டும் பால்காரரே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். தெருமுனையில் எனக்கு என்ன வேலை?

கோமளா என்ற பெண்தான் அங்கே பொறுப்பாளர். சாந்தமான முகம், மெதுவான பேச்சு. எனக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுத்தாள். அனுபவசாலிகளைக் கும்பலோடு உட்கார வைப்பதில்லை போலிருக்கிறது. நல்ல வழக்கம். விதிகள் சொன்னாள். சொன்ன கிழமை தவறாமல் போக வேண்டும். கேட்காமல் புத்திமதி சொல்லக் கூடாது. அவர்கள் சொல்வது நம்மைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். இதை இரண்டு தடவை சொன்னாள். ஹாஸ்டலில் நான் செய்ததும் இதுதான் என்றேன்.

பிறகு என்னைப் பற்றிக் கேட்டாள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, யாராவது வந்து போவார்களா என்றெல்லாம். தொண்டு செய்ய வருகிறவர்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்தானே. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். எமிலி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்றும், வீடு இப்போது அமைதியாக இருக்கிறது என்றும், எனக்கு அமைதி பிடிக்கும் என்றும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

ஜூன் 13, வியாழன்

என் பொறுப்பில் விட்டிருப்பவள் பெயர் முப்பிடாதி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சாந்தி நகரில் சின்ன ஓட்டு வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். பிள்ளை இல்லை. வெளியே போகப் பயம், தனியாகக் கடைக்குக்கூடப் போகமாட்டாள் என்று கோமளா சொல்லியிருந்தாள்.

போனதும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பழக்கதோஷம். கிணற்றடி பளிச்சென்று இருந்தது, பாத்திரங்கள் அடுக்கின இடத்தில் இருந்தன. மனசு சுகமில்லாதவர்களில் சிலர் அதிகப்படியான சுத்தம் பார்ப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அடுப்படியில் கல்யாண வீட்டு அளவுக்கு ஓர் இட்லிக் கொப்பரை. இது எதற்கு என்றேன். சும்மா கிடக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருந்தது. முதல் நாளே குறுக்கு விசாரணை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“காலைல என்ன சாப்ட்டியக்கா?” என்று கேட்டாள். பிரெட் என்றேன். “நேத்து?” நேற்றும் பிரெட்தான். எழுந்து போய் இட்லி கொண்டுவந்து வைத்தாள். மறுத்தால் நோயாளி மனசு நோகுமே என்று சாப்பிட்டேன். மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் குழைத்தது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் மனசு நோகக் கூடாதே என்று சாப்பிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

விடியும்வரை தூங்கியிருக்கிறேன்.

ஜூன் 27, வியாழன்

முப்பிடாதியை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். என் யோசனைதான். பயப்படுகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டத்தில் நிறுத்த வேண்டும், அப்போதுதான் தெளியும்.

நன்றாகத் தெளிந்துவிட்டாள். எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கத்தரிக்காய்க்காரனிடம் பேரம் பேசி ஒரு கை கூடுதலாகப் போட வைத்தாள். அவன் இவளை மதினி என்று கூப்பிட்டு, ரெண்டு நாளா ஆளைக் காணோமே என்றான். வேறு யாரோ என்று நினைத்துவிட்டான். இத்தனை சீக்கிரம் இவ்வளவு முன்னேற்றம் என்றால் கோமளாவே நம்பமாட்டாள்.

மீன் கடைப் பக்கம் நெரிசலில் எனக்குக் கொஞ்சம் படபடப்பு வந்தது. வெயில். நெஞ்சு அடித்துக்கொண்டது, காது அடைத்துவிட்டது, எந்தப் பக்கம் வெளியே போவது என்று தெரியவில்லை. முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளும் பயந்திருப்பாள். ஒரு கடைப் படியில் உட்கார வைத்துச் சோடா வாங்கித் தந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

குழாய்க்காரர் வரவில்லை. சொட்டுகிறது. சொட்டட்டும்.

ஜூலை 8, திங்கள்

எமிலி அறையைக் கூட்டலாம் என்று கதவு வரைக்கும் போனேன். பிறகு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அலமாரி இரண்டாம் தட்டில் அவளுடைய டப்பா இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தால் போதும். தினமும் திறந்து பார்க்கிற வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. இன்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 11, வியாழன்

முப்பிடாதிக்கு ஹாஸ்டல் கதைகள் சொன்னேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் மோப்பம். பொய் மாடிப்படி ஏறும்போதே எனக்கு வாசனை வந்துவிடும். தாத்தா செத்துப்போனார் என்று லீவு கேட்டு வருவாள் ஒருத்தி. நான் ஒன்றுமே பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளாகவே, சினிமாவுக்கு மேடம் என்று சொல்லிவிடுவாள். என்னிடம் பொய் சொல்லித் தப்பியவள் ஒருத்தி கிடையாது என்றேன்.

முப்பிடாதி சிரிக்கவில்லை. கையில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஒருத்தி கூடவா தப்பல?” என்று கேட்டாள். ஒருத்தி கூட இல்லை என்றேன்.

ஜூலை 18, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று முப்பிடாதி தானாகவே சொன்னாள். குழந்தை பிறந்து தங்காமல் போன பிறகு வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தாளாம். குளிக்கவில்லை, தலை வாரவில்லை. யாரோ காதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்ததாம். ஓர் ஆடி மாதம் வாய்க்கால் பாலத்துக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றிருக்கிறாள். கீழே தண்ணீர் சுழித்து ஓடியதைச் சொன்னாள். குடிக்கப்போவது போல் நாக்கு வறண்டது என்றாள். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் இறக்கிவிட்டாராம்.

நேற்றுத்தான் ஆடி பிறந்தது. இப்போதும் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “உங்களுக்கு எப்பவாவது அப்படித் தோணியிருக்காக்கா?” என்று அவள்தான் கேட்டாள். சேச்சே என்றேன்.

அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். கோமளாவின் எண்ணைப் போட்டேன். அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

கோமளாவே கூப்பிட்டாள். முப்பிடாதி பற்றிச் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்றாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள், கீரை உருவினோம் என்றேன்.

என் வாழ்க்கையில் பிறருக்காக நான் சொன்ன முதல் பொய் இதுவாகத்தான் இருக்கும். வார்டன் சலோமியாக இருந்தால் சொல்லியிருப்பேன். சிநேகிதி சலோமி சொல்லமாட்டாள். நம்பிச் சொன்னதை ஊரைக் கூட்டிச் சொல்வதற்கு எதற்குச் சிநேகிதி?

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. முப்பிடாதி என்னைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தன் வீட்டையே சோதனை போட்டுக் காட்டினாள். “இந்த மிக்சி ராத்திரி எங்க போயிருந்துச்சு?” என்று கேட்டாள் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு என்னுடையது மாதிரியே இல்லை. எமிலி இப்படித்தான் சிரிப்பாள்.

வரும் வழியில் பல்பு வாங்கினேன். நானே மாட்டினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

எமிலியின் பிறந்தநாள். ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பது தனக்காகத்தான் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதியிடம் இதைச் சொன்னேன். எமிலி கடைசியாகக் கிடந்த மாதங்களைச் சொன்னேன். பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும், தனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று இன்னொரு விஷயமும் சொன்னேன். எமிலிக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகள் அவள் அலமாரி இரண்டாம் தட்டு டப்பாவில் இருப்பதை. அவற்றை நான் ஏன் தூக்கிப் போடவில்லை என்பதை. எமிலியின் பிறந்தநாள் முடியட்டும் என்று காத்திருந்ததை. ஓர் உதாரணத்துக்குத்தான் சொன்னேன்.

அவள் அழுதாள். நான் அழவில்லை. இது நமக்குள்ளே இருக்கட்டும், நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அது மாதிரி என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். சரி என்று அர்த்தம்.

நெஞ்சு லேசாக இருக்கிறது. சொல்ல ஓர் ஆள் இருப்பது நல்லதுதான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் கதவு தட்டுகிற சத்தம். ஷீபா. இரவெல்லாம் பஸ்ஸில் வந்த முகம். வா என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தோளில் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், நேராக எமிலி அறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். இரண்டாம் தட்டு. டப்பாவை எடுத்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். வேறு எங்கேயும் அவள் கண் போகவில்லை. தேடவே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்து வந்திருக்கிறாள்.

அந்த டப்பா இருக்கும் இடத்தை நான் சொன்னது உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்.

எனக்கு முதலில் புரியவில்லை. கடைக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவளுக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் ஷீபாவை எப்படித் தெரியும்? நாற்காலியை இழுத்துப் போட்டு ஷீபாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒன்றும் பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி போடட்டுமா என்றாள். நான் பேசவில்லை. கை நகத்தைக் கடித்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“அவங்க நோயாளி இல்ல பெரியம்மா. அவங்கதான் உங்களைப் பாத்துக்க வந்த ஆள்.”

போன் எடுக்காத நாட்களில் பயந்துபோய் ஷீபாதான் கோமளாவிடம் போயிருக்கிறாள். உதவிக்கு ஆள் வருகிறார்கள் என்று சொன்னால் பெரியம்மா வாசலிலேயே விரட்டிவிடுவார்கள், உதவி செய்யப் போகச் சொன்னால்தான் கிளம்புவார்கள் என்று இவள்தான் யோசனை சொல்லியிருக்கிறாள். கோமளா முதலில் மாட்டேன் என்றாளாம், இவள் அழுதாளாம். முப்பிடாதிக்கு மனசு சுகமில்லாமல் இருந்ததெல்லாம் உண்மைதானாம், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். தேறிவந்து இப்போது அமைப்பில் தொண்டு செய்கிறாளாம். காலையில் இட்லி அவித்துக் கடைகளுக்குப் போடுகிறாளாம். கொப்பரை ஏன் சூடாக இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

மோப்பம். நல்ல பெயர் வைத்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். ஹாஸ்டலில் ஓர் இடத்தில் ஏதாவது பிடித்தால், நான் அதோடு விடமாட்டேன், இன்னோர் இடத்திலும் தேடுவேன். எதையும் யாரும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஷீபாவுக்கு அந்த அனுபவம் கிடையாது. தையல் மெஷின் இழுப்பறையை அவள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

நான் அவள் இலையில் சாப்பிட்டேன். மார்க்கெட்டில் அவள் என் கையைப் பிடித்தபோது, அவளுக்குத் தைரியம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் கூசுகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஷீபா இன்று கிளம்பினாள். கூட வந்துவிடுங்கள் என்றாள், மாட்டேன் என்றேன். டாக்டரைப் பார்ப்போம் என்றாள், அதற்கும் மாட்டேன் என்றேன். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கட்டை மாதிரி நின்றேன். ஆட்டோ போன பிறகு கேட்டைப் பூட்டினேன்.

கோமளா போன் பண்ணினாள். உங்களை ஏமாற்றியிருக்கக் கூடாது, அது என்னுடைய தவறு, முப்பிடாதியைக் கோபிக்க வேண்டாம் என்றாள். யாரைக் கோபிப்பது என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கோமளா ஆபீஸ்காரி, அவள் தொழில் அது. ஷீபா பெற்ற பிள்ளை மாதிரி, பயந்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி ஜீரணித்துவிடலாம். முப்பிடாதியை முடியவில்லை. அவள் சொன்னதை நான் மறைத்தேன். கோமளா கேட்டபோது அவளுக்காகப் பொய் சொன்னேன். நான் சொன்னதை அவள் ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ளவில்லை. இதுதான் தொண்டையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

போகவில்லை. எதற்குப் போக வேண்டும்?

அவள் வந்தாள். தனியாகத் தெருமுனைக்கே போகப் பயப்படுகிறவள் ஸ்கூட்டரில் வந்தாள். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். எங்கள் சந்தில் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே லாவகமாக வளைத்து நிறுத்தி, ஸ்டாண்டைக் காலால் தட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள். எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

மணி அடித்தாள். அக்கா, அக்கா என்றாள். நான் திறக்கவில்லை. வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எவர்சில்வர் கேரியர் ஒன்றைக் கேட் மேல் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். மேலடுக்கில் இட்லி, கீழடுக்கில் கத்தரிக்காய் கொத்சு. அப்படியே தூக்கித் தென்னை மூட்டில் கொட்டினேன். காக்காய்கள் தின்றன.

ஆகஸ்ட் 24, சனி

பிரெட்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மெஷின் இழுப்பறை துருப்பிடித்து இறுகியிருக்கிறது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் வருகிறது. இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் மூடினேன்.

கேரியர் அடுப்படியில் இருக்கிறது. அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய எனக்குப் பிடிக்காது. முதலில் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

கேரியரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். துணியால் துடைத்து வெயிலில் கவிழ்த்தேன். எங்கள் பக்கம் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்போம். வெறுமனே கொடுத்தால் இனி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம். அவளும் இந்த ஊர்க்காரிதான், அவளுக்குத் தெரியும்.

நாளைக்கு வெறுமனே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கொடுத்தேன்.

வாங்கித் திறந்து பார்த்தாள். மேலடுக்கைப் பார்த்தாள், கீழடுக்கைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. நின்றுகொண்டே, மனசுக்குள் பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். நடித்தாய், என்னை வேடிக்கை பார்த்தாய், உனக்காகப் பொய் சொன்னவளைக் காட்டிக் கொடுத்தாய் என்றேன். குரல் ஓட்டுக் கூரையைத் தாண்டிப் போயிருக்கும்.

“நான் ஒரு பொய்யும் சொல்லலக்கா,” என்றாள் கடைசியில். “பாலத்துல நின்னது நெசம். எந்த வருசம்னு நீங்க கேக்கல.”

இதே சாக்கை எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். கேட்டைத் தாண்டினாயா என்றுதான் கேட்டீர்கள் மேடம், சுவர் ஏறினாயா என்று கேட்கவில்லை என்பார்கள். அதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

“சரி, அது தப்புதான். சொகமில்லாதவ மாதிரி உங்க முன்னால இருந்தது தப்பு. ஒவ்வொரு வியாழக்கெழமையும் சொல்லிரணும் சொல்லிரணும்னு இருப்பேன், நீங்க சாப்புடுததப் பாத்துட்டு வாய மூடிக்கிடுவேன். அதுக்கு என்ன ஏசினாலும் வாங்கிக்கிடுதேன். டப்பாவைச் சொன்னதுக்கு மட்டும் ஏசாதீய.”

அதற்குத்தான் ஏசுகிறேன் என்றேன். நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்றேன்.

அவள் கேரியரை மூடிக் கொக்கியை மாட்டினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

“நான் திரும்பவும் பாலத்துக்குப் போயிருவேன்னுதான நெனச்சிய?”

ஆமாம் என்றேன்.

“நெனச்சும் யார்ட்டயும் சொல்லல.”

சொல்லவில்லை.

“நெசமாவே நான் போயிருந்தா, இந்தப் பாத்திரத்த இன்னைக்கு யார்ட்ட கொண்டாந்து கொடுப்பியக்கா?”

கொல்லையில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உட்காருங்கள் என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். கிளம்பும்போது கேரியரைத் திரும்ப என் கையிலேயே மாட்டிவிட்டாள். “வெறும் பாத்திரத்த நான் வாங்க மாட்டேன்,” என்றாள்.

வாங்க வந்தவள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அன்றைக்கு நான் ஏன் கோமளாவிடம் சொல்லவில்லை? சிநேகிதம் என்று எழுதியிருக்கிறேன். ஜூலைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.

சொல்லியிருந்தால் அவளை எங்காவது அழைத்துப் போயிருப்பார்கள். எனக்கு வியாழக்கிழமை இல்லாமல் போயிருக்கும். போனை வைத்ததற்கு அதுதான் காரணம். அவள் பாலத்தில் நின்றாலும் பரவாயில்லை, என் வியாழக்கிழமை போகக் கூடாது என்று இருந்திருக்கிறேன்.

அவள் தன் வியாழக்கிழமையை விட்டுக்கொடுத்துத்தான் சொல்லியிருக்கிறாள். சொன்னால் நான் கதவைத் திறக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

இதனால் கோபம் ஒன்றும் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் குழம்பிவிட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

குழாய்க்காரர் வந்தார். வாஷர் போட்டார். ஷீபா போன் பண்ணினாள், எடுத்தேன். டாக்டரிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் எந்தக் கிழமை பார்ப்பார் என்று மட்டும் கேட்டேன். வியாழக்கிழமையாக இருந்தால் முடியாது என்றேன். அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

செப்டம்பர் 4, புதன்

மளிகைக் கடைக்கு நானே போனேன். அரிசி, கடலைப்பருப்பு, நல்லெண்ணெய், எலுமிச்சம்பழம். கேஸ் அடுப்பில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. தட்டிவிட்டுத் துடைத்தேன்.

சாயங்காலம் இழுப்பறையை இழுத்தேன். இந்தத் தடவை மூடவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மேலடுக்கில் எலுமிச்சம்பழச் சாதம். உப்பு கூடிவிட்டது, கை மறந்திருக்கிறது. அவள் ஏதாவது சொல்வாள், சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை என்பதுதான் தெரிந்துவிட்டதே.

கீழடுக்கில், தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருந்த மாத்திரைகள். முழுக்க அதில் கொட்டியிருக்கிறேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கொக்கியை நன்றாக மாட்டியிருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நோயாளி மாதிரி என் எதிரே உட்கார்ந்திருந்ததை நான் உள்ள காலம்வரை மறக்கமாட்டேன். அதை அவளிடம் இன்றைக்கும் சொல்வேன், அடுத்த வாரமும் சொல்வேன்.

கீழடுக்கைத் திறந்த உடனே அவள் ஷீபாவுக்குப் போன் பண்ணுவாள். என் முகத்துக்கு நேரேயே பண்ணுவாள்.

பண்ணட்டும்.